இரண்டு பஞ்சாங்கங்கள்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது என்று பத்திரிகையில் செய்தி வந்ததும் எங்கள் வீட்டில் ஒரு சிறு விவாதம் ஆரம்பமாகிவிடும். இது வருஷந்தோறும் தவறாமல் நடக்கிற காரியம். "போனால் இப்போதுதான் போக வேண்டும். அருவியில் தண்ணீர் விழும்போது போகாமல், பாறை காய்ந்து கிடக்கும்போது போய் என்ன பிரயோஜனம்?" என்று என் மனைவி கேட்பாள். கேள்வி நியாயமானதே. ஆனால் நான் உபாத்தியாயர். குழந்தைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள். சாரல் வருவது ஜூன் மாதத்தில். பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூன் மாதத்தில். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடியும் வரையில் எங்களுக்கெல்லாம் ரஜா உண்டு. அப்போது அருவிக்கும் ரஜா!

இந்த விவாதம் எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பஞ்சாங்கம் ஒன்று. மற்ற உலகத்தின் பஞ்சாங்கம் வேறொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரல் மடக்கி எண்ணிப் பார்க்காத குடும்பஸ்தர் நம்மில் யார்? ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. செப்டம்பரில் காலாண்டுப் பரீட்சையும் அதை ஒட்டிச் சில நாள் ரஜாவும். டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சையும் கிறிஸ்துமஸ் ரஜாவும். தை பிறந்தால் பொங்கல். பிறகு முழுப் பரீட்சை, அப்புறம் கோடை. இவற்றுக்கு நடுவே தகப்பனாருக்கு ஆபீஸில் லீவு கிடைக்க வேண்டும். பாட்டிக்கு முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும். மைத்துனி கல்யாணம் அதே வாரத்தில் வந்து நிற்காதிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்துவிட்டாலோ அந்த வருஷம் வீட்டுக்கே ரஜா கிடையாது என்று எழுதி வைத்துவிடலாம்.

ரயில் டிக்கெட்டு விஷயத்தில் ஒரு மாறுதல் ஏற்பட்டிருப்பதை நேயர்கள் அறிவார்கள். முன்பு 120 நாளுக்கு முன்னதாகவே இடம் பிடித்து வைக்கலாம். 2024-ம் வருஷம் நவம்பர் 1-ந்தேதி முதல் அது 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. பலர் இதைக் குறை கூறினார்கள். என்னைக் கேட்டால், பிள்ளைகளுள்ள வீட்டுக்கு இது ஒருவிதத்தில் நன்மையே. பரீட்சை என்றைக்கு முடியும் என்று உபாத்தியாயர்களுக்கே தெரியாத காலத்தில் டிக்கெட்டு வாங்கிவிட்டுப் பிறகு மாற்றுவதற்கு அலைவதைவிட, மார்ச்சு மாதத்தில் தேதியைத் தெரிந்துகொண்டு மே மாதத்துக்கு வாங்குவது மேலல்லவா?

தேதி தெரிந்த பிறகும் நிச்சயமில்லை என்பதும் வாஸ்தவந்தான். 2023-ம் வருஷம் ஜூன் 1-ந்தேதி திறப்பதாக இருந்த உயர் வகுப்புகள் வெயிலின் கொடுமையால் 7-ந்தேதிக்குத் தள்ளிப் போயின. அதன் பிறகு 12-ந்தேதிக்குப் போயின. ஆரம்ப வகுப்புகள் 14-ந்தேதிதான் திறந்தன. அடுத்த வருஷம் 6-ந்தேதி என்றது 10-ந்தேதியாயிற்று. ஊரிலிருந்து அவசரம் அவசரமாகத் திரும்பி வந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வெயிலைத் திட்டினார்கள்.

இவையெல்லாம் மாதச் சம்பளம் வாங்கும் நம் போன்றவர்களுடைய கஷ்டங்கள். நான் உத்தியோகம் பார்க்கிற பக்கத்தில் இவற்றைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருக்கிறது. அதைக் கவனிக்க எனக்கு வெகு காலம் பிடித்தது. அதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன்.

பெரியதாழை தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் கடற்கரை ஊர். வடகிழக்கே கரையோடு போனால் மணப்பாடு; தென்மேற்கே போனால் உவரி. ஊருக்குப் பின்னால் பனங்காடும் செம்மண் தேரியும். முன்னால் கடல். ஊரில் பெரும்பாலோருக்குக் கடலே வயல். அதிலே உழைத்துப் பிழைக்கிறார்கள். அவர்களுடைய குழந்தைகள் இந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள். அவற்றில் ஒன்றில் நான் உபாத்தியாயராக இருக்கிறேன்.

கடலுக்கும் ஒரு ரஜா உண்டு. மீன்கள் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்பதற்காகக் கிழக்குக் கரை முழுவதும் ஏப்ரல் 15-ந்தேதி முதல் ஜூன் 14-ந்தேதி வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குள் போகக்கூடாதென்று தடை இருக்கிறது. முதலில் இது 45 நாளாக இருந்தது. மேற்குக் கரைக்குத் தேதி வேறு. கேரளத்தில் ஜூன் 9-ந்தேதி நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள்.

இதைப் படித்ததும், "அப்படியானால் நல்லதாயிற்றே! தகப்பனாருக்கும் ஓய்வு, பிள்ளைக்கும் ஓய்வு" என்று நேயர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பெரியதாழைப் பக்கத்தில் தகப்பன்மார் மூன்று வகை.

முதல் வகையினர் சொந்த ஊரிலேயே வள்ளத்தில் போய் மீன் பிடிக்கிறவர்கள். தடை விசைப்படகுகளுக்குத்தான், வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் இல்லை. பெரிய படகுகள் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் வள்ளத்து மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். ஆகையால் பிள்ளைக்கு ரஜா விட்ட சமயத்தில் தகப்பனார் முன்னைக் காட்டிலும் மும்முரமாக வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவர் கரையில் இருக்கும் நாள்.

இரண்டாவது வகையினர் தூத்துக்குடியில் விசைப்படகுகளில் வேலை பார்க்கிறவர்கள். பாக்கியசாலிகள் இவர்களே. ஏப்ரல் நடுவிலிருந்து வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கூடமும் மூடியிருக்கும். கையில் பணம் இராது என்பது வேறு விஷயம். சர்க்கார் தரும் தடைக்கால நிவாரணத்தை வீட்டுச் செலவு விழுங்கிவிடும். ஆனாலும் தகப்பனும் மகனும் தேரிக் காட்டில் நுங்கு சீவித் தின்பதற்குப் பணம் எதற்கு?

மூன்றாவது வகையினர் கேரளத்துத் துறைமுகங்களுக்குப் போய் அங்குள்ள போட்டுகளில் வேலை செய்கிறவர்கள். இவர்கள் ஏப்ரலிலும் மேயிலும் கொல்லத்துக் கடலிலோ கொச்சிக் கடலிலோ இருப்பார்கள். ஜூன் இரண்டாவது வாரத்தில் ஊர் வந்து சேருவார்கள். 2024-ம் வருஷம் ஜூன் 9-ந்தேதி நள்ளிரவில் அங்கே தடை ஆரம்பமாயிற்று. 10-ந்தேதி காலையில் இங்கே பள்ளிக்கூடம் திறந்தது. தகப்பனார் மூட்டையுடன் பஸ்ஸிலிருந்து இறங்குகிற வேளையில் பிள்ளை புத்தகப் பையுடன் தெருவில் இறங்குகிறான்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த நாலாம் நாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஸார், அப்பா வந்திருக்காவ. எல்லாரும் வேளாங்கண்ணிக்குப் போறோம். எனக்கு லீவு வேணும்."

"எத்தனை நாள்?"

"ஒரு வாரம், ஸார்."

"நாற்பது நாள் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததே, அப்போது போயிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

பையன் பதில் சொல்லவில்லை. புதிய வகுப்பின் முதல் பாடங்களைத் தவறவிட்டால் வருஷம் முழுவதும் கஷ்டப்பட நேரும் என்று எடுத்துச் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான். மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். என் வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்தான் என்று எனக்கு உள்ளூரத் திருப்தியாக இருந்தது. தகப்பனாரும் தாயாரும் கைக்குழந்தையும் வேளாங்கண்ணிக்குப் போனார்கள் என்பதும், அவன் அத்தை வீட்டில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தான் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்டு மாதத்தில் வகுப்புக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். தமிழ்நாட்டில் எந்த உபாத்தியாயரும் கொடுக்கத் தவறாத கட்டுரைதான்: 'கோடை விடுமுறையை நான் கழித்த விதம்.' மற்றப் பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதினார்கள். அவன் இரண்டு வாக்கியந்தான் எழுதியிருந்தான். ரஜாவின்போது அப்பா ஊரில் இல்லை. அப்பா ஊருக்கு வந்தபோது ரஜா இல்லை என்பது அதன் சாரம். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. எவ்வளவு மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

மறுநாள் வகுப்பில் விசாரித்தேன். அவனைப் போல் தகப்பனார் கேரளத்துப் போட்டில் இருக்கும் பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். இத்தனை வருஷம் ஆஜர்ப் பட்டியலில் ஜூன் மாதத்துக் கட்டங்களில் நான் போட்ட சிவப்பு மைக் குறிகளெல்லாம் என் நினைவுக்கு வந்தன. 'அக்கறையில்லாத பெற்றோர்' என்று அவற்றுக்கு நான் அர்த்தம் செய்து வைத்திருந்தேன்.

இந்தக் கரையில் பள்ளிக்கூடத்துப் பஞ்சாங்கம் புதிது. கடலின் பஞ்சாங்கம் பழையது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அது பெரும்பாலும் மார்ச்சு முதல் மே வரையில்தான் நடக்கும். வாடைக் காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக் காற்று இன்னும் தொடங்காமல், கடல் தெளிந்து அமைதியாயிருக்கும் இடைக்காலம் அது. முந்திய வருஷமே முத்துப் பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சலாபம் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பார்கள். உண்டு என்றால் கரையில் ஒரு பட்டணமே எழும்பும். மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ம் வருஷத்தில் நடந்தது. அதன் பிறகு இல்லை. இன்று பிள்ளைகள் ரஜாவென்று ஓடி விளையாடும் மாதங்கள், அன்று குளியாட்கள் மூச்சடக்கி உழைத்த மாதங்கள்.

சாரலைக் குற்றாலத்துக்குக் கொண்டுவருவதும், கேரளத்தில் கடலைக் கொந்தளிக்கச் செய்வதும் அதே தென்மேற்குக் காற்றுதான். என் வீட்டு விவாதத்துக்கும் அந்தப் பையனுடைய இரண்டு வாக்கியத்துக்கும் காரணம் ஒன்றே. வித்தியாசம் என்னவென்றால், எனக்கு அருவி கிடைக்கவில்லை. அவனுக்குத் தகப்பனார் கிடைக்கவில்லை.

அப்படியானால் கேட்டவர்களுக்கெல்லாம் லீவு கொடுத்துவிடுவதா? அதுவும் கூடாது. மற்றொரு பையனுடைய கதையையும் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் படித்தவன். மணப்பாட்டுத் திருவிழாவுக்கு என்று செப்டம்பரில் மூன்று நாள் லீவு கேட்டான்; கொடுத்தேன். செப்டம்பர் 14-ந்தேதி திருச்சிலுவைத் திருநாள் முடிந்து ஒரு வாரமாயிற்று, வரவில்லை. காலாண்டுப் பரீட்சைக்கு வந்தான். அப்புறம் விட்டு விட்டு வந்தான். அரையாண்டுக்குள் வள்ளத்தில் போக ஆரம்பித்துவிட்டான். கையில் காசு பார்த்த பையனைத் திரும்ப வகுப்புக்கு அழைத்து வருவது சுலபமான காரியமல்ல. எங்களால் முடியவில்லை. மூன்று நாள் லீவு எத்தனை நாளாக நீளும் என்ற பயம் உபாத்தியாயருக்கு வீணாக வரவில்லை. கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரையில் 200 நாளும், ஆறு முதல் எட்டு வரையில் 220 நாளும் பள்ளிக்கூடம் நடக்க வேண்டுமென்று வகுத்திருப்பதும் காரணமில்லாமல் அல்ல.

இங்கிலாந்தில் இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பாக இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் பிள்ளையை உல்லாசப் பிரயாணத்துக்கு அழைத்துப் போனால் பெற்றோருக்கு அபராதம். ஜான் பிளாட் என்பவர் தம் பெண்ணை ஏழு நாள் அமெரிக்காவிலுள்ள புளோரிடாவுக்கு அழைத்துப் போனார். அபராதம் கட்ட மாட்டேன் என்று வழக்காடினார். வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரையில் சென்று, 2017-ம் வருஷத்தில் அவருக்கு எதிராகத் தீர்ந்தது. இப்போது அபராதம் ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுன். நாள் கடந்தால் 160. அப்படியும் பலர் அபராதத்தைக் கட்டிவிட்டே போகிறார்கள். ரஜாக் காலத்தில் பிரயாணச் செலவு ஏறிவிடுவதால், அபராதம் கட்டினாலும் லாபம் என்பது அவர்கள் கணக்கு.

பிரான்சு தேசத்தார் வேறு வழி செய்திருக்கிறார்கள். நாட்டை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, குளிர்கால ரஜாவையும் வசந்தகால ரஜாவையும் வெவ்வேறு வாரங்களில் விடுகிறார்கள். ஜெர்மனியில் கோடை ரஜாவே மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். எல்லோரும் ஒரே நாளில் ரஸ்தாவில் இறங்காமலிருக்க இது உதவுகிறது. நமக்கு அண்டையிலுள்ள கேரளத்திலும், ஏப்ரல்-மே ரஜாவை மழைக்காலமான ஜூன்-ஜூலைக்கு மாற்றினால் என்ன என்று 2025-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில் கல்வி மந்திரி பொது ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டார்.

நமது மாவட்டத்திலும் பஞ்சாங்கம் வளையாமல் இல்லை. ஆகஸ்டு 5-ந்தேதி தூத்துக்குடி பனிமய மாதா கோயில் திருவிழாவுக்குக் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுகிறார். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் நடக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லை. திருவிழாவுக்காக ஒரு நாளை மாற்றி வைக்கிறோம். கடலிலிருந்து திரும்பிய தகப்பனாருக்காக நாலைந்து நாளை மாற்றி வைக்க வழியில்லையா என்பதே என் கேள்வி.

பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. என் வகுப்பில் நான் செய்துவருவதைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள், பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிக்கொள்ளும்போதே, "அப்பாவுக்கு ஓய்வு எந்த மாதம்?" என்றும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஜூனில் வருகிறவர் யார் என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. லீவு வேண்டுமானால் பிள்ளையை அனுப்பாமல் பெற்றோரே வந்து, புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் சொல்ல வேண்டும். தலைமை உபாத்தியாயரின் சம்மதம் பெற்று, ஐந்து பள்ளி நாளுக்கு மேற்படாமல் கொடுக்கிறோம். பரீட்சை வாரத்தில் கிடையாது. போகும்போது பாடத்தை எழுதிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்ததும் சாயங்காலம் ஒரு மணி நேரம் என்னிடம் உட்கார்ந்து படிக்க வேண்டும். சொன்ன தேதியில் திரும்பாத குடும்பத்துக்கு அடுத்த வருஷம் லீவு இல்லை. இந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம். திரும்பும் நாளைத் தகப்பனாரே தம் வாயால் சொல்லிவிட்டால், பெரும்பாலும் அந்த நாளைக் காப்பாற்றிவிடுகிறார்.

பட்டணத்து நேயர்களுக்கும் இரண்டொரு வார்த்தை. ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடத்து நாட்காட்டி வெளியானதும் அதை வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். அதன் பக்கத்திலேயே வீட்டில் சம்பாதிக்கிறவர்களின் ஓய்வு நாட்களையும் குறியுங்கள். இரண்டும் சந்திக்கும் வாரங்கள் வருஷத்தில் மூன்றோ நாலோதான் இருக்கும். அவற்றை முதலில் காப்பாற்றி வையுங்கள். இந்தப் பக்கம் வருவதானால் காலாண்டு ரஜாவில் யோசித்து வாருங்கள். குலசேகரபட்டினத்துத் தசரா அநேகமாக அதை ஒட்டியே வரும். காளி வேஷமும் குறத்தி வேஷமும் தரித்த பக்தர்களைக் காண ஆசையிருந்தால் அதுவே சமயம். அமைதியான கடற்கரையைத் தேடினால் அது சமயமல்ல. டிசம்பரில் வருகிறவர்கள் வானத்தையும் பார்த்துக்கொண்டு வர வேண்டும். 2023-ம் வருஷம் டிசம்பர் 17-ந்தேதி பெய்த பெருமழையில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், பிரயாணிகள் நூற்றுக்கணக்கில் வெள்ளத்தின் நடுவே அகப்பட்டுக்கொண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நீண்ட பிரயாணந்தான் ரஜா என்று எண்ணவும் வேண்டியதில்லை. வள்ளத்துத் தகப்பனார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மகனை அழைத்துக்கொண்டு கரையோடு நடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் யாரும் ரயில் ஏறியதில்லை. பிள்ளை நன்றாகப் படிக்கிறான்.

ஏழாம் வகுப்புப் பையனின் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். 2025-ம் வருஷம் பள்ளிக்கூடம் ஜூன் 2-ந்தேதி திறந்தது. அவன் எட்டாம் வகுப்பு. இரண்டாவது வாரத்தில் அவனுடைய தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வெயிலில் கறுத்த மனிதர்; நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"போன வருஷம் இவனை விட்டுட்டுப் போனோம், ஸார். இவன் அம்மைக்கு அங்க போயும் மனசு சரியில்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புறப்பட்டு அடுத்த புதன்கிழமை இரவு திரும்புவதாகச் சொன்னார். இடையில் பள்ளிக்கூட நாள் மூன்றுதான். வியாழக்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே பையன் வகுப்பில் இருந்தான். மூன்று நாள் பாடத்தையும் இரண்டு சாயங்காலத்தில் படித்து முடித்துவிட்டோம்.

நாங்கள் குற்றாலத்துக்கு அந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பினோம். கூட்டத்தில் அருவிக்கு அருகில் நெருங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இருந்தாலும் அருவியில் தண்ணீர் விழுந்தது. என் மனைவிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.